அரை நூல் கணக்கு

மாடி வீட்டுப் பெண் போனைத் திறந்து பிடித்தபடியே டீ குடிக்க இறங்கி வந்தால், ஏதோ வாங்கப் போகிறாள் என்று அர்த்தம். போன மாதம் காய்கறி நறுக்கும் மிஷின். இந்தத் தடவை ஒரு வகுப்பு.

"அக்கா, இதப் பாருங்க. குவில்ட்டிங் சொல்லித் தர்றாங்களாம். சனி, ஞாயிறு ரெண்டே நாளு. நாலாயிரத்து ஐநூறு. போகவா, வேணாமா?"

இஞ்சியைத் தட்டிப் போட்டுக்கொண்டே அறிவிப்பை வாங்கிப் படித்தேன். வண்ண வண்ணச் சதுரங்களைச் சேர்த்துத் தைத்த விரிப்பின் படம். காலை 10 முதல் மாலை 4 வரை. புதிதாகப் பழகுகிறவர்களுக்கு மட்டும். துணியும் சாமான்களும் தனி. மதியச் சாப்பாடு உண்டு. ஒரு வகுப்பில் எத்தனை பேர் என்று இல்லை. இரண்டாம் நாள் சாயங்காலம் எதைத் தைத்து முடித்து வீட்டுக்குக் கொண்டுபோவோம் என்றும் இல்லை. நான் முதலில் தேடுவது இந்த இரண்டையும்தான். சாப்பாட்டைப் போட மறக்காதவர்கள் இந்த இரண்டையும் போட மறந்திருக்கிறார்கள்.

"போ, போகாதேன்னு ஒரு வார்த்தைல சொல்ல முடியாதும்மா. உக்காரு" என்றேன். இரண்டாவது டம்ளர் வரை போனது பேச்சு. அவளிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஆயிரக்கணக்கில் பணம் கட்டி ஏதாவது கைவேலை கற்றுக்கொள்ளலாமா என்று யோசிக்கிற எல்லோருக்கும் இது கொஞ்சம் பொருந்தும்.

முதலில் குவில்ட் என்றால் என்ன? மூன்று அடுக்கு. மேலே சின்னச் சின்னத் துண்டுகளைச் சேர்த்துத் தைத்த துணி, நடுவில் மெல்லிய பஞ்சுத் தகடு, அடியில் ஒரு முழுத்துணி. இந்த மூன்றும் நகராதபடி மேலிருந்து அடிவரை ஊடுருவி ஓடும் தையல்தான் அதற்கு உயிர். கடைசியில் நாலு பக்கமும் பட்டை வைத்து ஓரம் கட்ட வேண்டும். அவ்வளவே.

நம் வீட்டில் இது இல்லாத பொருள் இல்லை. குழந்தை பிறந்தால் பாட்டியின் பழைய நூல் புடவையை நாலாக மடித்து, ஓட்டுத் தையல் போட்டு விரிப்பு தைக்காத வீடு எது? 'கந்தையானாலும் கசக்கிக் கட்டு' என்கிறோமே, அந்தக் கந்தையும் வங்காளத்தில் பழம்புடவைகளை அடுக்கித் தைக்கும் காந்தாவும் வடமொழியின் ஒரே சொல்லிலிருந்து வந்தவை. அவர்களுக்கு அது கைவினையாகிக் கண்ணாடிப் பெட்டிக்குள் போனது. நமக்குப் பழமொழியோடு நின்றுவிட்டது.

"அது கிழிசலுக்கா. இது டிசைனு" என்றாள்.

சரிதான். ஆனால் மதுரையில் இருந்துகொண்டு நடுவில் இருக்கும் அந்தப் பஞ்சைப் பற்றி யோசிக்காமல் இருக்க முடியாது. சித்திரை, வைகாசியில் மொட்டை மாடியில் பாயை நனைத்துப் போட்டுப் படுத்த ஊர் இது. பஞ்சு வைத்த போர்வை யாருக்கு வேண்டும்? ஏசி போட்டுக்கொண்டு போர்த்திக்கொள்கிறவர்களுக்கு, கொடைக்கானலில் பேத்தி வைத்திருப்பவர்களுக்கு, பிறகு தொட்டில் குழந்தைக்கு. வகுப்பில் பெரும்பாலும் பாலியெஸ்டர் தகடு வைத்துத்தான் சொல்லித் தருவார்கள். மலிவு, துவைத்தால் சீக்கிரம் காயும். ஆனால் வியர்க்கும். போடிப் பக்கத்து இலவம் பஞ்சை வைக்கலாமே என்று அவள் கேட்டாள். வைக்கக் கூடாது. இலவம் பஞ்சு இழை வழுவழுவென்று இருக்கும், ஒன்றோடொன்று பின்னிப் பிடிக்காது. மெத்தை, தலையணைக்கு அருமை. துவைக்கிற பொருளுக்கு ஆகாது. தண்ணீர் பட்டால் கட்டி கட்டியாகத் திரண்டு ஒரு மூலைக்குப் போய்விடும். நம் ஊருக்கு நான் சொல்லும் நடு அடுக்கு, பலமுறை துவைத்து நைந்துபோன பழைய வேட்டி. ஒன்றோ இரண்டோ மடிப்பு. இதை எந்த வகுப்பிலும் சொல்வார்களா தெரியாது. நீயாகக் கேட்டால் ஒருவேளை சொல்வார்கள்.

சரி, பணத்துக்கு வருவோம்.

"10 மணியிலேர்ந்து 4 மணி. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் கழி. ஒரு நாளைக்கு அஞ்சு மணி நேரம். ரெண்டு நாளைக்கு?"

"பத்து."

"அதுல எல்லாருக்கும் சேர்த்து முன்னால நின்னு செஞ்சு காட்டுறது நாலு மணி நேரம்னு வை. மிச்சம் ஆறு மணி நேரம், 360 நிமிஷம். பத்து பேர் உக்காந்திருந்தா ஆளுக்கு எவ்வளவு?"

அவள் கணக்கில் வேகம். "முப்பத்தாறு நிமிஷம்."

4,500 ரூபாய்க்கு டீச்சரின் கண் அவள் கைமேல் இருக்கப்போவது அந்த 36 நிமிடம். நிமிடத்துக்கு 125 ரூபாய். ஆறே பேர் என்றால் ஒரு மணி நேரம் கிடைக்கும், விலை 75 ரூபாயாக இறங்கும். இருபது பேர் என்றால் 18 நிமிடம், அது வகுப்பில்லை, கல்யாணப் பந்தி. முன்னால் நின்று செய்து காட்டும் அந்த நாலு மணி நேரத்தை நான் மதிக்காமல் இல்லை. ஆனால் அது இன்றைக்கு யூடியூபில் ஓசியில் கிடைக்கிறது, அதுவும் நிறுத்தி நிறுத்திப் பார்க்கும் வசதியோடு. ஓசியில் கிடைக்காதது ஒன்றுதான். நீ தப்பாகத் தைக்கும்போது, தப்பாகத் தைத்து முடிப்பதற்கு முன்னால், பக்கத்தில் நின்று கையைப் பிடித்து நிறுத்தும் ஆள். விலை கொடுப்பதென்றால் அதற்குக் கொடு.

இது எனக்குப் புதுமண்டபத்தில் தெரிந்தது. திருமலை நாயக்கர் 17-ஆம் நூற்றாண்டில் மீனாட்சியம்மன் கோயிலின் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே வசந்த விழாவுக்காகக் கட்டிய மண்டபம் அது. எங்கள் தலைமுறைக்கோ அது மிஷின் சத்தம். தூணுக்கு ஒரு சிற்பம், சிற்பத்துக்கு ஒரு மிஷின். அப்பா அங்கே தைத்தார். சித்திரைத் திருவிழா நெருங்கினால் கள்ளழகர் வேடம் கட்டித் தண்ணீர் பீய்ச்சும் பக்தர்களுக்கு வெல்வெட்டில் ஜிகினாவும் சரிகையும் வைத்து உடுப்புத் தைப்பார்கள். தைத்தவர்களில் பலர் முஸ்லிம்கள். துணிமேல் துணி வைத்து, ஓரம் மடித்து, கண்ணுக்குத் தெரியாமல் தைக்கிற வேலை. தேரில் தொங்கும் தொம்பையிலும் அதே வேலைதான். குவில்ட் வகுப்பில் 'அப்ளிக்' என்று தனியாக ஒரு நாள் போட்டுக் கற்றுத் தருகிறார்களே, அது. (கடைகளெல்லாம் இப்போது பக்கத்திலேயே குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன. மண்டபம் மூச்சு விடுகிறது. எனக்குத்தான் அந்தச் சத்தம் இல்லாமல் என்னவோ போலிருக்கிறது.)

அங்கே வகுப்பு என்று ஒன்று கிடையாது. ஒரு பையன் வந்து சேர்வான். காஜா எடுப்பான், பட்டன் வைப்பான், பிசிறு வெட்டுவான், டீ வாங்கி வருவான். கட்டிங் மேஜைப் பக்கம் அவனை விடவே மாட்டார்கள். ஒரு நாள் மாஸ்டர் சாக்பீஸைக் கையில் கொடுப்பார். அதற்கு இரண்டு வருஷமும் ஆகும், மூன்று வருஷமும் ஆகும். கட்டணமே இல்லாமல் கற்றுக்கொண்டான் என்று ஊர் சொல்லும். அவன் கட்டிய கட்டணம் அந்த மூன்று வருஷம். ஆனால் அத்தனை நாளும் மாஸ்டரின் கண் அவன்மேல் இருந்தது. இப்போது நாம் வருஷங்களுக்குப் பதிலாக ரூபாயைக் கொடுக்கிறோம்; அதனால்தான் கண்ணை நிமிடக் கணக்கில் எண்ண வேண்டியிருக்கிறது.

அந்தக் கண் எதற்கு என்று அவள் கேட்டாள். "நான் பதினஞ்சு வருஷமா பிளவுஸ் தைக்கிறேங்க்கா. நேராத் தைக்கத் தெரியாதா எனக்கு?"

தெரியும். சிக்கலே அங்குதான். பிளவுஸ் தைக்கிற கை தாராளமான கை. இன்றைக்கு 34, நாளைக்கு 36 ஆகலாம் என்று பக்கத்தில் ஒரு இஞ்ச் துணியை உள்ளே மடித்து விட்டு வைக்கும். தேவைப்பட்டால் பிரித்துக்கொள்ளலாம். குவில்ட்டில் தையலுக்கு விடுவது கால் இஞ்ச்தான். நம் அளவில் சொன்னால் இரண்டு நூல். (எட்டு நூல் ஒரு இஞ்ச். ஆசாரியிடமும் தையல்காரரிடமும் இன்னும் புழங்குகிற அளவு.) இந்த இரண்டு நூல் எங்கேயும் கூடக் கூடாது, குறையக் கூடாது.

ஏன் இத்தனை கறார்? ஒரு குழந்தை விரிப்பை எடுத்துக்கொள்வோம். நாலரை இஞ்ச் சதுரமாக வெட்டு. நாலு பக்கமும் கால் கால் இஞ்ச் தையலுக்குள் போனால் கண்ணுக்குத் தெரிவது நாலு இஞ்ச். வரிசைக்கு ஒன்பது, மொத்தம் ஒன்பது வரிசை. 81 சதுரம். தைத்து முடித்தால் 36க்கு 36. இப்போது உன் கை பழக்க தோஷத்தில் இரண்டு நூலுக்குப் பதில் இரண்டரை நூல் பிடிக்கிறது என்று வை. அரை நூல்தானே! ஆனால் ஒரு இணைப்பில் இரண்டு துணி சேர்கிறது. இந்தப் பக்கம் அரை, அந்தப் பக்கம் அரை, ஆக ஒரு நூல் போச்சு. ஒரு வரிசையில் எட்டு இணைப்பு. எட்டு நூல். முழுசாக ஒரு இஞ்ச்.

எல்லா வரிசையிலும் ஒரே மாதிரி ஒரு இஞ்ச் போனால்கூடப் பரவாயில்லை, விரிப்பு கொஞ்சம் சின்னதாகும், அவ்வளவுதான். ஒரு வரிசையில் ஒரு இஞ்ச், அடுத்த வரிசையில் அரை இஞ்ச் என்று போனால்தான் வினை. சதுரங்களின் மூலைகள் ஒன்றையொன்று பார்க்காமல் திரும்பிக்கொள்ளும். எட்டாவது வரிசையில்தான் தெரியும். அப்போது 72 சதுரத்தைப் பிரிக்க வேண்டும். இரண்டாவது வரிசையிலேயே ஒருவர் பார்த்து, "உன் ஊசி இடப்பக்கம் நிக்குது, ஃபுட்டுக்குப் பக்கத்துல ஒரு டேப் ஒட்டிக்க, துணி அதைத் தாண்டக் கூடாது" என்று சொன்னால் எல்லாம் முடிந்தது. அந்த ஒரு வாக்கியத்துக்கு 4,500 கொடுக்கலாமா என்றால், கொடுக்கலாம். ஆனால் அந்த வாக்கியத்தைச் சொல்கிற ஆள் அங்கே இருக்கிறாரா என்று தெரிந்துகொண்டு கொடுக்க வேண்டும்.

கண் தேவைப்படும் இடம் இன்னொன்று, மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைக்கும்போது. மிஷினில் ஊசிக்கு அடியில் இருக்கும் பல் கீழ்த்துணியை மட்டும்தான் தள்ளும். மேல்துணி ஃபுட்டில் உரசிக்கொண்டு பின்தங்கும். ஒரு அடி தைப்பதற்குள் மேல்துணி அலை அலையாகச் சுருங்கிவிடும். பிளவுஸில் இரண்டு அடுக்குதான், கை இழுப்பிலேயே சமாளித்துவிடுவோம். இங்கே நடுவில் மெத்தென்று ஒன்று இருப்பதால் சமாளிக்க முடியாது. மேலேயும் பல் வைத்த தனி ஃபுட் உண்டு, அதைப் போட்டால் இரண்டு துணியும் ஒரே வேகத்தில் நகரும். இல்லையென்றால் கையாலேயே ஓட்டுத் தையல். நடுவிலிருந்து ஓரத்தை நோக்கித் தைக்க வேண்டும், ஓரத்திலிருந்து நடுவுக்கு வந்தால் சுருக்கமெல்லாம் நடுவில் வந்து கும்பல் கூடும். இதைப் படித்துத் தெரிந்துகொண்டு பயனில்லை. ஒருமுறை கை உணர வேண்டும்.

மூன்றாவது இடம் ஓரம் கட்டுவது. மூலை திரும்பும்போது பட்டையை எப்படி மடிப்பது என்பதைப் பல வகுப்புகள் "நேரம் ஆயிடுச்சு, வீட்ல போய் பண்ணிக்கங்க" என்று விட்டுவிடும். எனக்கு அப்படி ஆனது. பல வருஷத்துக்கு முன்னால் வேறு ஓர் ஊரில் ஆசைப்பட்டுப் போய்ச் சேர்ந்தேன், பேர் வேண்டாம். சாமானெல்லாம் அவர்கள் கடையிலேயே வாங்க வேண்டும் என்றார்கள். இரண்டு நாளில் மேல்துணி மட்டும் முடிந்தது. மூன்று அடுக்கையும் சேர்ப்பது, ஓரம் கட்டுவதெல்லாம் 'அடுத்த நிலை வகுப்பு', அதற்குத் தனிப் பணம். அந்த அரைகுறைத் துணி இன்றைக்கும் என் வீட்டு கிரைண்டருக்குமேல் மூடியாகக் கிடக்கிறது. அவளைத் திரும்பிப் பார்க்கச் சொன்னேன். பார்த்தாள். "அழகாத்தாங்க்கா இருக்கு" என்றாள், மரியாதைக்கு.

அதனால்தான் கேட்கச் சொல்கிறேன்: ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு என் கையில் என்ன இருக்கும்? ஓரம் கட்டி முடித்த ஒரு தலையணை உறையோ மேஜை விரிப்போ இருக்கும் என்றால் நல்ல வகுப்பு. 'பெரிய போர்வை தைக்கப் பழகுவீர்கள்' என்றால் சந்தேகப்படு. புதுக் கைக்குக் குழந்தை விரிப்பே பத்து பதினைந்து மணி நேர வேலை. பத்து மணி நேர வகுப்பில் போர்வை எங்கிருந்து வரும்?

இனி 'துணியும் சாமான்களும் தனி' என்ற அந்தச் சின்ன எழுத்து. கட்டணத்தைவிட இதுதான் பயமுறுத்தும். மூன்று சாமான் கேட்பார்கள்: பீட்சா வெட்டும் சக்கரம் மாதிரி ஒரு கத்தி, அதற்கடியில் போடும் பாய், கண்ணாடி மாதிரி தெரியும் தடித்த ஸ்கேல். மூன்றும் ஒரு குடும்பம். ஒன்றை மட்டும் வாங்கிப் பயனில்லை. அந்தச் சக்கரக் கத்தியை ஜப்பானில் ஓல்ஃபா நிறுவனம் 1979-இல் கொண்டுவந்தது. அதற்கு முன்னால் உலகம் முழுக்க எல்லோரும் அட்டையில் அளவு வெட்டி, அதைத் துணிமேல் வைத்துக் கோடு போட்டு, கத்தரியால்தான் வெட்டினார்கள். நூற்றாண்டுகளாக வெட்டினார்கள். முதல் விரிப்புக்கு நீயும் அப்படி வெட்டலாம். வகுப்பில் அவர்களுடைய சாமானைப் பயன்படுத்த விடுவார்களா என்று கேள். விடுவார்கள் என்றால் அது கட்டணத்தில் ஆயிரம் இரண்டாயிரம் குறைந்த மாதிரி. வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் ஒன்றும் வாங்காதே. நிறையப் பேருக்கு இந்த ஆசை ஒரு விரிப்போடு தீர்ந்துவிடும். அந்தப் பாய் சுவரோரம் நின்றுகொண்டு வருஷக்கணக்காக உன்னைக் குற்றம் சொல்லும்.

துணிக்குப் பணமே வேண்டாம். இது தமிழ்நாட்டுப் பெண்ணுக்கு வாய்த்த வரம். பீரோவின் கீழ்த்தட்டைத் திற. கொலு, வளைகாப்பு, கிரகப்பிரவேசம் என்று தாம்பூலத்தில் வந்த ஜாக்கெட் பிட்டெல்லாம் கிடக்கும். தைக்கவும் மனசு வராது, தூக்கிப் போடவும் மனசு வராது, அடுத்த தாம்பூலத்தில் வைத்துக் கைமாற்றுவோம். 44 இஞ்ச் பன்னா உள்ள பிட்டில் நாலரை இஞ்ச் அகலத்துக்கு ஒரே ஒரு பட்டை வெட்டு, ஒன்பது சதுரம் வரும். ஒன்பது பிட், ஒன்பது நிறம், 81 சதுரம், விரிப்பு முடிந்தது. பருத்தியா என்று மட்டும் பார்த்துக்கொள். ஓரத்திலிருந்து இரண்டு இழை உருவிக் கொளுத்து: பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலாகும், பாலியெஸ்டர் உருகிக் கெட்டியாக மணியாகும். மணியானதை மறுபடி தாம்பூலத்துக்கே அனுப்பு.

சுங்குடி இருந்தால் இன்னும் அழகு. 2005-இல் புவிசார் குறியீடு வாங்கிய நம்மூர்த் துணி. சௌராஷ்டிர வீடுகளில் துணியைக் கிள்ளி நூலால் முடிந்து சாயம் போட்ட புள்ளி. ஆனால் சாயம் இறங்கும். வெட்டுவதற்கு முன்னால் தனியாக ஊறவைத்துத் தண்ணீர் தெளியும் வரை அலசி, காயவைத்து, இஸ்திரி போட்டுவிட்டு வெட்டு. இல்லையென்றால் முதல் துவைப்பிலேயே சிவப்பு பக்கத்து வெள்ளைக்குக் குடிபோய்விடும். வேறு வேறு துணி வேறு வேறு அளவுக்குச் சுருங்கி, நீ அரை நூல் பார்த்துத் தைத்ததெல்லாம் வீணாகும்.

டீ ஆறிவிட்டது. இன்னொரு தடவை சூடு பண்ணினேன்.

"வகுப்பே இல்லாம யாராச்சும் கத்துக்கிட்டாங்களாக்கா?"

உலகத்தில் பெரும்பாலோர் அப்படித்தான். அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில், ஆறு வளைந்து போகிற ஓரத்தில் கீஸ் பெண்ட் என்று ஒரு ஊர். அடிமைகளாக இருந்தவர்களின் வழிவந்த கறுப்பினப் பெண்கள், வயலில் உழைத்துக் கிழிந்த சட்டையையும் கால்சட்டையையும் வெட்டி, குளிருக்காகத் தைத்தார்கள். அம்மாவிடம் மகள் கற்றாள். அளவு பார்த்த மாதிரியே இருக்காது, கோடு சாயும், சதுரம் நீளும். 2002-இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம் அவற்றைச் சுவரில் மாட்டியது, பிறகு நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம். 2006-இல் அமெரிக்கத் தபால் துறை அவற்றைத் தபால் தலையாகவே வெளியிட்டது.

அவ்வளவு தூரம் எதற்கு, நம் பக்கத்து மாநிலத்திலேயே வட கன்னட மாவட்டத்தில் ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி மக்கள் இருக்கிறார்கள். அவர்கள் தைப்பது கவந்தி. எனக்குத் தெரிந்து, புதிதாகப் பழகுகிறவருக்கு இதைவிட நல்ல பாடம் இல்லை. அடியில் ஒரு பழைய புடவை. ஒரு மூலையில் தொடங்கி, கிடைத்த துண்டை ஓரம் மடித்து வைத்து, கையாலேயே ஓட்டுத் தையல் போட்டுக்கொண்டு விளிம்போடு சுற்றி வருவார்கள். சுற்றிச் சுற்றி உள்ளே போய், நடுவில் போய் முடியும். துண்டு சேர்ப்பதும் அடுக்குகளைச் சேர்ப்பதும் ஓரம் கட்டுவதும் ஒரே தையலில் நடந்துவிடுகின்றன. கால் இஞ்ச் கணக்கு இல்லை. மிஷின் இல்லை. நாலு மூலையிலும் துணியை மடித்துக் குட்டி முக்கோணமாக ஒரு பூ வைப்பார்கள். பூ இல்லாத மூலையை மொட்டை மூலை என்று நினைப்பார்கள் போலிருக்கிறது. மதுரை வெயிலுக்கும் இதுதான் சரி, நடுவில் பஞ்சு கிடையாது.

"அப்ப வகுப்பு வேணாம்ங்கிறீங்க."

"இரு. நீ எதுக்குக் கத்துக்கணும்னு நெனைக்கிற?"

கொஞ்சம் தயங்கினாள். "தைச்சு வித்தா நாலு காசு பாக்கலாமேன்னு."

இங்கே நான் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்: வேண்டாம். குழந்தை விரிப்பு ஒன்று பன்னிரண்டு மணி நேரம் என்று வை. புதுத் துணி, நூல், நடு அடுக்கு எல்லாமாக 800 ரூபாய். 2,000 ரூபாய்க்கு விற்றால் 1,200 மிச்சம், மணிக்கு 100. அதே அவள் ஒரு லைனிங் பிளவுஸுக்கு 350 வாங்குகிறாள், இரண்டரை மணி நேரத்தில் தைத்துவிடுகிறாள், மணிக்கு 140. பிளவுஸுக்கு ஆள் தேடி வரும்; விரிப்பைத் தூக்கிக்கொண்டு இவள் ஆள் தேடிப் போக வேண்டும். 2,000 ரூபாய் கொடுக்கிறவர் கண்காட்சிக்குப் போனால் ஜெய்ப்பூர் ரஜாய் போர்வையே அதைவிட மலிவாகக் கிடைக்கும். விலை தெரிந்து வாங்குகிறவர்கள் இல்லாமல் இல்லை. 2019 ஜனவரியில் சென்னையில் முதல் இந்திய குவில்ட் விழா நடந்தபோது பல மாநிலங்களிலிருந்து தைக்கிறவர்கள் வந்தார்கள். அந்த உலகம் வளர்கிறது. ஆனால் அது கைத்திறன் முற்றியவர்களின் உலகம், இரண்டு நாள் வகுப்பு அந்த வாசலில் கொண்டுபோய் விடாது. சம்பாத்தியம்தான் நோக்கம் என்றால், மாவட்டந்தோறும் வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனங்களில் கிராமத்துப் பெண்களுக்கு ஒரு மாதத் தையல் பயிற்சியே இலவசம். அவள் தங்கச்சி உசிலம்பட்டிப் பக்கம் இருக்கிறாள், அவளை அங்கே அனுப்பச் சொன்னேன்.

அவள் முகம் சுருங்கிவிட்டது. எனக்கே கொஞ்சம் அதிகமாகப் போய்விட்டோமோ என்று இருந்தது.

"ஒண்ணு பண்ணு" என்றேன். "பணம் கட்டுறதுக்கு முன்னால நாலரை இஞ்ச் சதுரமா ஒம்பது வெட்டு. மூணுக்கு மூணு தைச்சு இஸ்திரி போட்டுக் கொண்டா. சரியாத் தைச்சா பன்னிரண்டரை இஞ்ச் வரணும். அப்பறம் அவங்களுக்குப் போன் போட்டு எத்தனை பேரு, என்னத்த முடிச்சுத் தருவாங்க, சாமான் அவங்களோடதா, இந்த மூணையும் கேளு."

நான்காம் நாள் வந்தாள். சுங்குடியும் மஞ்சள் பிட்டும் மாறி மாறி வைத்து நன்றாகவே இருந்தது. டேப்பை வைத்தேன். பன்னிரண்டே கால். இரண்டு இணைப்பில் இரண்டு நூல் குறைவு. சொல்லி வைத்த மாதிரி இணைப்புக்கு ஒரு நூல், பக்கத்துக்கு அரை நூல். பிளவுஸ் கை.

"போன் போட்டியா?"

"எட்டுப் பேராம்க்கா. டீச்சருக்குக் கூடமாட ஒரு பொண்ணு இருக்காம். சாமான் அங்கேயே தருவாங்களாம், வாங்க வேண்டாம்னாங்க. தலையணை உறை ஒண்ணு ஓரத்தோட முடிச்சிரலாமாம்." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "நான் பணம் கட்டிட்டேன்."

"விக்கிறதுக்கா?"

"இல்லைக்கா. நீங்க சொன்னப்பறம் அத விட்டுட்டேன். பத்து மணிக்குப் போனா நாலு மணி வரைக்கும் என்னை யாரும் கூப்பிட மாட்டாங்கள்ல? கல்யாணம் ஆனதுலேர்ந்து அப்படி ரெண்டு நாளு எனக்கு இருந்ததே இல்லை."

என் கணக்கில் அந்த வரி இல்லவே இல்லை. நிமிடத்துக்கு எவ்வளவு என்று அதைப் போடவும் தெரியவில்லை. டீயை நீட்டினேன்.

சனிக்கிழமை காலை கிளம்பும்போது இன்ச் டேப், சாக்பீஸ், குண்டூசி டப்பா எல்லாம் என்னிடம் வாங்கிக்கொண்டாள். கத்தரியும் கேட்டாள். அப்பாவின் கத்தரி, அதை மட்டும் தர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். வகுப்பில் யாராவது அதை எடுத்து அட்டை வெட்டுவார்கள்.